மூட வேண்டிய பிரிவு

மார்கழிப் பனி காவிரியின்மேல் கண்வளர, அரங்கத்துக் கோபுரம் அதனுள் மோனத்தில் நின்றது.

“எங்க பாசுர வகுப்புல ஏழே பேர்தாம்மா. மூடச் சொல்லிடாதீங்க,” என்று வேண்டினார் பேராசிரியர் அழகர்சாமி.

“தரவு சொல்றதைத்தான் சார் சொல்வேன்,” என்றாள் பல்கலைக்கழகத் தரவுப் பிரிவின் தலைவி ஆனந்தவள்ளி.

கூட்டத்தில் துணைவேந்தர் கேட்டார்: “செலவைக் குறைக்கணும். எந்தப் பிரிவை மூடினா யாருக்கும் நஷ்டமில்லை?”

“தரவுப் பிரிவைத்தான் சார். எங்க அறிக்கைகளை மூணு வருஷமா யாரும் திறந்தே பார்க்கலை. பாசுர வகுப்புல சேர்ந்தவங்க ஒருத்தரும் பாதியில நின்னுபோகலை.”

“அப்ப உங்க வேலை?”

“அதுவும் அந்தக் கணக்குலதான் சார் வருது.”

வாசலில் காத்திருந்த அழகர்சாமி செய்தி கேட்டு அவளருகே வந்தார். காலைச் சேவையில் பெற்ற துளசியை அவள் கையில் வைத்தார். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“பெருமாள் உங்களுக்கு ஒரு குறையும் வைக்கமாட்டாரும்மா.”