குதிருக்குள் ஒரு ரேடியோ

"இது மர்பி. அறுபத்திரண்டாம் வருஷத்து மாடல். குமிழ் ஒண்ணு மட்டும் வேற செட்டோடது. யாரோ மாத்தியிருக்கீங்க."

கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டிருந்த குழந்தைராஜ் சொன்னதும் கூடம் கைதட்டியது. செட்டுக்குச் சொந்தக்காரரான ரெத்தினம் எழுந்தார்.

"நான்தாங்க மாத்தினேன். என் பொண்ணு கழட்டி வாய்க்கால்ல போட்டுடுச்சு."

"குரலைக் கேட்டா கொரடாச்சேரி ரெத்தினம் மாதிரி இருக்கே? ரெண்டு வருஷம் லைசென்ஸ் கட்டாம வைக்கோல்போருக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தீங்களே, அதே செட்டா?"

கூடம் சிரித்தது. ரெத்தினமும் சிரித்தார்.

பக்கிரி சிரிக்கவில்லை.

திருவாரூரில் டி.வி. கடை வைத்திருக்கும் அப்துல் ஹமீது நடத்தும் பழைய ரேடியோ கண்காட்சி அது. வீட்டில் ரேடியோ வைக்கவே வருஷா வருஷம் லைசென்ஸ் கட்டவேண்டியிருந்த அந்தக் காலத்தில் குழந்தைராஜ் ரேடியோ லைசென்ஸ் இன்ஸ்பெக்டர். லைசென்ஸே ஒழிந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவர் விரல்கள் எதையும் மறக்கவில்லை. இருபத்து மூன்று செட்டுக்குக் கம்பெனியும் மாடலும் சொல்லியாயிற்று. கூடவே எந்த ஊர், யார் வீடு, எங்கே ஒளித்தார்கள் என்பதும் வந்துகொண்டிருந்தது. இன்னும் ஒன்றுதான். அதையும் சொல்லிவிட்டால் மேடைமேல் இருக்கும் புது சி.டி. பிளேயர் அவருக்கு.

அந்த ஒன்று பக்கிரி வீட்டு செட். சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த மகன் தமிழரசன், பரணிலிருந்து எடுத்துப் புது பேட்டரி போட்டு, அப்பாவிடம் கேட்காமலே கொண்டுவந்து வைத்துவிட்டான். அது மெல்லப் பாடிக்கொண்டிருந்தது.

"எடுத்துடுடா. வீட்டுக்குப் போவோம்."

"இருங்கப்பா. ஃபாரின் செட்டு. அவரால முடியாது பாருங்க."

"அவருக்குத் தெரியும்டா."

"தெரிஞ்சா சொல்லட்டுமே. நாம என்ன திருடியா வச்சிருந்தோம்?"



எழுபத்தொன்றில் இதே குழந்தைராஜ் பியூனோடு வந்து வாசலில் நின்றார். பக்கிரியின் மனைவி அகிலாண்டம் பதறிப்போய் ரேடியோவைக் கொண்டுபோய் நெல் கொட்டும் குதிருக்குள் போட்டாள். அணைக்க மறந்துவிட்டாள்.

"உங்க வீட்ல ரேடியோ இருக்குன்னு மொட்டைக் கடுதாசி வந்திருக்கு. லைசென்ஸ் எங்க?"

"ரேடியோவே இல்லீங்க."

"நிஜமா?"

இடுப்பில் இருந்த மூன்று வயதுத் தமிழரசனின் தலையில் பக்கிரி கையை வைத்தார். "இந்தப் புள்ளை மேல சத்தியமா இல்லீங்க."

அந்த நேரம் பார்த்துக் குதிருக்குள்ளிருந்து ஒரு குரல், பயிருக்கு எப்போது யூரியா போடவேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தது.

குழந்தைராஜ் பிள்ளையைப் பார்த்தார். பியூனை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் குதிர் இருந்த அறைக்குள் நுழைவதற்கும் குரல் நிற்பதற்கும் சரியாக இருந்தது. வெளியே வந்து, 'ரேடியோ இல்லை' என்று நோட்டில் எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நெல் சரிந்து சுவிட்சை அழுத்தியிருக்கும் என்றாள் அகிலாண்டம். மாரியம்மன் செயல் என்றார் பக்கிரி. முன்பக்கம் சுவிட்சே இல்லாத செட் அது. பின்னால், அடி மூலையில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பொத்தான். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் மாவிளக்கு போட்டார்கள்.

ஆனால் ஒரு ரேடியோவுக்காகப் பெற்ற பிள்ளையின் தலையைப் பணயம் வைத்தவர் அப்பா என்று தமிழரசனுக்கு இன்றுவரை தெரியாது.

ஹமீது கடைசி செட்டை நகர்த்தி வைத்தார். குழந்தைராஜின் விரல்கள் அதன் முகத்தில் ஒருமுறை ஓடின. நின்றன.

"இது யார் கொண்டுவந்தது?"

"நான் தமிழரசன் சார். மாவூர் பக்கிரி மகன்."

"பக்கிரி மகனா?" குழந்தைராஜ் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "நல்லா இருக்கீங்களா தம்பி?"

"நல்லா இருக்கேன் சார். சிங்கப்பூர்ல வேலை."

"பிள்ளைங்க?"

"ஒரு பொண்ணு சார்."

"சந்தோஷம். ரொம்ப சந்தோஷம்."

பக்கிரி தலையைக் குனிந்துகொண்டார்.

"ஹமீது பாய், இந்த மாடல் எனக்குத் தெரியல. என் சர்க்கிள்ல இப்படி ஒரு செட் இருந்ததே இல்ல. தோத்துட்டேன்."

கூடம் உச்சுக் கொட்டியது. பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்: "ஏன் சார், எங்க வீட்டுதுன்னா மட்டும் வைக்கோலுக்குள்ள இருந்தாலும் தெரியுமா?"

"பாத்தீங்களாப்பா, நான்தான் சொன்னேன்ல!" தமிழரசன் அப்பாவின் தோளை உலுக்கினான். பக்கிரிக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. மனுஷன் நிஜமாகவே மறந்துவிட்டார்.

ஹமீது சி.டி. பிளேயரை அட்டைப்பெட்டிக்குள் திரும்ப வைத்தார். நன்றி சொல்ல மைக்கைப் பிடித்தார். ரேடியோ பாடிக்கொண்டே இருந்தது.

"இதுல சுவிட்ச் எங்கப்பா இருக்கு?" ஹமீது முன்பக்கம் முழுக்கத் தடவிப் பார்த்துவிட்டு, தமிழரசனைக் கூப்பிடக் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

குழந்தைராஜ் இன்னும் கண்கட்டை அவிழ்க்கவில்லை. அவருடைய கை, எங்கும் தடவாமல், செட்டின் பின்னால் அடி மூலைக்குப் போனது. பாட்டு நின்றது.