எருமை படுத்துக்கொண்டால்...

"வந்துடுச்சுக்கா. நாப்பத்தி மூணாவது லெட்டர்!" என்றான் ரோடல், சிரிப்பை அடக்க முடியாமல்.

ஜோவெலின் முகம் சுருங்கியது. பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரத்தில் நாலே பேர் நடத்தும் வீடியோ கேம் கம்பெனி அது. எருமை வண்டியில் நெல் மூட்டை ஏற்றிச் சந்தைக்குப் போக வேண்டும், அதுதான் விளையாட்டு. வழியில் சேற்றைக் கண்டால் எருமை படுத்துவிடும். மூன்று நிமிஷத்துக்கு என்ன பட்டனை அமுக்கினாலும் எழுந்திருக்காது. அது ஜோவெலினின் யோசனை.

"சரி, படி."

"'சர்ச் பூசையில தூங்குற என் மச்சான்கூட உங்க எருமையைவிடச் சீக்கிரம் எந்திரிப்பான். இப்படிக்கு, கிரிசாந்தோ மக்பனுவா, ரிட்டயர்ட் பஸ் டிரைவர்.'"

முதலாளி நெஸ்டர் எட்டிப் பார்த்தார். "திங்கக்கிழமையானா இந்தாள் தொல்லை. அந்தச் சேத்தை எடுத்துடும்மா."

"சார், எருமைன்னா படுக்கும். அந்த எரிச்சல் இருந்தாத்தான் விளையாடுறவருக்கு நிஜமாவே வண்டியில உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும்."

"அவர் வண்டியிலயா உட்கார்ந்திருக்கார்? என் தலையில உட்கார்ந்திருக்கார்!"

எடுத்தாள். பெற்ற பிள்ளையை விடுதியில் சேர்த்த மாதிரி இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. எருமையோ குதிரை மாதிரி ஓடியது.

அடுத்த திங்கட்கிழமை லெட்டர் வரவில்லை. போன் வந்தது.

"எருமையை என்னம்மா பண்ணித் தொலைச்சீங்க?"

கிரிசாந்தோவேதான்! ஜோவெலினுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நீங்கதானே சார் நாப்பத்தி மூணு தடவை திட்டினீங்க?"

"திட்டினேன். எடுக்கச் சொன்னேனா?"

"பின்னே எதுக்குத் திட்டினீங்களாம்?"

அந்தப் பக்கத்துக் குரல் இறங்கி வந்தது.

"என் மக தைவான்ல ஃபேக்டரி வேலையில இருக்காம்மா. போன் பண்ணினா 'சாப்டியாப்பா', 'சாப்டேன்'. அதுக்கு மேல எங்க ரெண்டு பேருக்கும் பேச வராது. ஞாயித்துக்கிழமை மட்டும் அவ அங்கேருந்து, நான் இங்கேருந்து, உங்க கேம்ல ஒரே வண்டியில ஏறுவோம். நேத்து ஆறே நிமிஷத்துல சந்தை வந்துடுச்சு. 'சரிப்பா'ன்னு இறங்கிப் போயிட்டா."

"சார்..."

"எருமை படுத்தாத்தானேம்மா, நாங்க ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சு உங்களைத் திட்டி எழுத முடியும்!"