வினிகர் ஊற்றிய கோப்பை

ஆய்வுக்கூடத்துப் பெண் உறையைப் பிரிப்பதற்குள் கோப்பையின் செய்முறையைப் பாதி சொல்லி முடித்திருந்தேன்.

அனல்மின் நிலையம் கொட்டும் சாம்பல் பாதி. செங்கல் சூளையில் மிஞ்சும் களிமண் கால். மீதி, அரைத்த கண்ணாடி.

கண்ணாடிதான் இதில் கெட்டிக்காரன். சூட்டில் முதலில் உருகி, சாம்பல் துகள்களின் இடுக்கெல்லாம் புகுந்து, ஆறும்போது எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

"கொஞ்சம் மூச்சு விடுங்க. அவங்க ரிப்போர்ட்டப் படிக்கட்டும்" என்றாள் மனைவி.

வினையும் அந்தக் கண்ணாடியால்தான். போன வருஷம் காயலான் கடையில் பாட்டில் சில்லு என்று எடுத்த மூட்டையில், கனமாக, லேசாகக் கறுத்த சில துண்டுகளும் இருந்தன. கனமென்றால் நல்லதுதானே என்று சேர்த்து அரைத்துவிட்டேன். போன வாரம் கடைக்காரர் பேச்சுவாக்கில் சொன்னார், அந்த மூலையில் பழைய டிவிப் பெட்டிகளின் படக்குழாய்களையும் உடைத்துப் போடுவார்களாம்.

படக்குழாய்க் கண்ணாடியில் காரீயம் உண்டு, உடம்புக்கு விஷம். புளிப்பாக எதை ஊற்றினாலும் அதில் மெல்லக் கரைந்து இறங்கும். கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது.

ஓர் ஆலையின் கேன்டீனுக்காக இருநூறு கோப்பைகள் அடுக்கி வைத்திருந்தோம். எல்லாம் அதே மூட்டை. காரீயம் இருந்தால் இருநூறையும் உடைத்துப் போட வேண்டியதுதான்.

சோதனைக்கு ஒன்றை மனைவிதான் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். வினிகரை ஊற்றி ஒரு நாள் மூடி வைப்பார்கள். கோப்பை எதையாவது விட்டிருந்தால் வினிகர் காட்டிக்கொடுத்துவிடும்.

"காரீயம் ஒண்ணுமே இல்லைங்க. தாராளமா குடிக்கலாம்" என்றாள் அந்தப் பெண்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். கேன்டீன்காரருக்கு உடனே போன் போட நினைத்தேன்.

மனைவி பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். இருநூறு கோப்பைக்கா இவ்வளவு என்று கேலி செய்தேன். அவள் நிமிர்ந்து, கோப்பையைத் திருப்பித் தரச் சொன்னாள்.

சோதித்ததை யாரும் திருப்பிக் கேட்டதில்லை என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண் உள்ளே போய் எடுத்து வந்தாள்.

கேன்டீன் கோப்பை இல்லை அது. என் உள்ளங்கைக்குள் அடங்கியது. கைப்பிடிக்குள் என் சுண்டுவிரல்கூட நுழையவில்லை.

அந்த மூட்டையை அரைத்த அன்றே, முதல் கலவையில், எங்கள் நாலு வயது மகளுக்கென்று நான் செய்து கொடுத்தது. ஒரு வருஷமாக அவள் தினமும் எலுமிச்சைச் சாறு குடிப்பது அதில்தான்.

இருநூறையும் திரும்பத் திரும்ப எண்ணியவனுக்கு இந்த ஒன்று நினைவுக்கே வரவில்லை.

வெளியே வந்து வண்டியைக் கிளப்பப் பார்த்தேன். சாவி துவாரத்தில் நுழையவே இல்லை.

மனைவி என் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டாள்.