விழத் தெரிந்தவர்கள்

வர்மக்கலை வகுப்பில், மாஸ்டரின் விரல் தன் மணிக்கட்டின் வர்மப் புள்ளியை நெருங்கியதுமே, மூத்த மாணவி "அம்மா!" என்று சுருண்டு விழுந்தாள். அடுத்து, புதிதாகச் சேர்ந்திருந்த தபால்காரரின் கையை மாஸ்டர் அழுத்தினார். அவரோ இடித்த புளி மாதிரி நின்றார்.

வகுப்பு முடிந்ததும் மூத்தவள் அவரை ஓரங்கட்டினாள்.

"ஏன் சார் விழல?"

"வலிக்கவே இல்லையேம்மா!"

"எங்களுக்கு மட்டும் வலிக்குதா? பக்கவாதம் வந்து எழுந்ததுலேருந்து மாஸ்டர் விரல்ல பலமே இல்ல. இந்த வகுப்பும் போச்சுன்னா மனுஷன் உடைஞ்சுபோயிடுவார். நாளைக்கு விழுந்துடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

பின்னால் செருமல் கேட்டது. மாஸ்டர்! அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"விழறதுதான் விழறே, நான் அழுத்தின பிறகு விழும்மா," என்றார் அவர், மரத்த விரல்களை நீவியபடி. "இன்னைக்கு நான் தொடறதுக்குள்ளேயே விழுந்துட்டே!"