நாற்பது முதல் பரிசுகள்

வரவேற்பறை அலமாரிக்குப் புதிதாக வந்த கண்ணாடிக் கோப்பைக்குத் தலைகால் புரியவில்லை. 'ஆண்டின் தலைசிறந்த மென்பொருள்' என்று அதன் நெற்றியில் பொறித்திருந்தார்கள். அதற்காகப் பின்வரிசைக்குத் தள்ளப்பட்ட பழைய மரக்கேடயம் மெதுவாகக் கேட்டது.

"எத்தனை கம்பெனி போட்டி போட்டுச்சு தம்பி?"

"நாற்பத்தொண்ணு, அண்ணே."

"ஜெயிச்சது?"

தான் வந்திறங்கிய அட்டைப்பெட்டி கோப்பைக்கு நினைவு வந்தது. உள்ளே அச்சு அசலாக, அதே வாசகத்தோடு இன்னும் முப்பத்தொன்பது பேர் இருந்தார்கள்.

"நாற்பது," என்றது, குரலைத் தாழ்த்தி.

"பாக்கி ஒண்ணு?"

"விழாவுக்கு ஸ்பான்சர் பண்ண முடியாதுன்னுட்டாங்க. அதனால தோத்துட்டாங்க."

"அவங்க மென்பொருள் எப்படி, நல்லாயிருக்குமா?"

கோப்பை அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டது.

"நடுவருங்க எல்லாருக்கும் மார்க் போட்டதே அதுலதாண்ணே."