இல்லாத கிளட்சு

"கிளட்சே இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டியில, யாரு அக்கா கிளட்சை மிதிக்கிறது?" என்று மெக்கானிக் கோபிநாத் ஒருநாள் செல்வராணியிடம் கேட்டான்.

கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றியும் பலனில்லை. கியர் மாறும்போதெல்லாம் டிரைவரின் இடது கால் பக்கம் 'தொம்' என்று கேட்டது.

செல்வராணிக்குத் தெரிந்த சத்தம்தான். காலமெல்லாம் லாரி ஓட்டிய அவள் புருஷன் மலையாண்டி, இந்தக் காரிலும் பழக்கதோஷத்தில் ரப்பர் செருப்புக் காலால் வெறுந்தரையை மிதித்துக்கொண்டுதான் ஓட்டினான். போன ஆடியில் அவன் செத்துப்போனான்.

"கேட்டா கேட்டுட்டுப் போகட்டும்" என்றாள். இடது காலை ஓரமாக ஒதுக்கி வைத்துக்கொண்டு, கந்தர்வக்கோட்டைக்கு அவளே முந்திரி ஏற்றிப் போனாள்.

கொழுந்தன் அய்யப்பனுக்கு அது பொறுக்கவில்லை. அவள் வண்டியோடு வந்திருந்த ஒருநாள் கோபிநாத்தின் பட்டறைக்கே வந்துவிட்டான்.

"பொம்பளைக்கு எதுக்கு மதினி காரு? அண்ணன் வண்டி எனக்குத்தான்."

"சாவி வண்டியிலதான் தம்பி இருக்கு. முடிஞ்சா ஓட்டிட்டுப் போங்க."

அய்யப்பன் செருப்பை வெளியே கழற்றிவிட்டு ஏறினான். ஸ்டார்ட் செய்து, கியர் லீவரை 'டி'க்கு இழுத்தான்.

தொம்.

அலறிக்கொண்டே லீவரைத் திரும்பத் தள்ளி, சாவியை உருவிக்கொண்டு இறங்கினான். அவனுடைய இடது பாதத்தின் மேல் ரப்பர் செருப்பின் வரிகள் சிவப்பாகப் பதிந்திருந்தன.

செல்வராணி கையை நீட்டினாள். அதில் சாவியை வைத்துவிட்டு, கழற்றிய செருப்பைக்கூட மாட்டாமல், அவன் நொண்டியபடியே ரோட்டில் இறங்கி நடந்தான்.