ஓட்டை வள்ளம்

"எல்லாரும் எறங்குங்க. வள்ளத்துல தண்ணி ஏறுது."

சவேரியார் மணல் திட்டில் வள்ளத்தை ஏற்றினார். கடலில் முங்கிப் பாசி எடுக்கும் ஆறு பெண்களுக்கும் எரிச்சல். இன்றைக்கு இது இரண்டாவது தடவை.

"அந்தக் கேன் தண்ணியையும் குடிச்சுத் தீத்துருங்க. பாரம் தாங்கல."

"நாங்க குடிச்சா பாரம் எங்கன போகுமாம்?" என்று முனகிக்கொண்டே கிறிஸ்டினா குடித்தாள். திட்டில் ஒதுங்கப் புதர் மறைவு இருந்ததால் குடிக்கப் பயமில்லை.

சவேரியார் பெண்கள் பக்கம் திரும்பவேயில்லை. வள்ளத்துக்குள் தலையைக் கவிழ்த்து எதையோ அடைத்துக்கொண்டிருந்தார்.

"லூர்து மேரி மதினி நம்மளோட பாசி எடுத்தப்ப இந்த வள்ளம் ஒருநாளும் ஒதுங்குனதில்ல. பொண்டாட்டி கிட்னி போயி செத்தப்புறம் சவேரியார் அண்ணனுக்கு எதுலயும் அக்கறை இல்ல" என்றாள் கிறிஸ்டினா, அவர் காதில் விழும்படியே.

அந்த வாரம் கிறிஸ்டினாவுக்கு ஓயாத அசதி, இடுப்பு வலி. மதினி ஞாபகம் வந்து பயந்துபோய் ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

டாக்டர் ருக்ஸானா ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

"கிட்னி நல்லாத்தான் இருக்கு. உடம்பு ரொம்பச் சிரமப்படுறப்போ கிட்னிக்குள்ள ஒரு என்சைம் சுரந்து அதைக் காப்பாத்தலாம்னு ஆராய்ச்சியில சொல்றாங்க. ஆனா தண்ணியே குடிக்காம, ஒண்ணுக்கும் போகாம அடக்கிட்டு வெயில்ல கிடந்தா, அது ஒத்தையில எத்தனை நாள் மல்லுக்கட்டும்?"

"சோறு போடுற கடலு. அதுல போக மனசு வருமா டாக்டர்? முன்னெல்லாம் கரைக்கு வர்ற வரைக்கும் பொட்டுத் தண்ணி குடிக்க மாட்டோம். இப்பத்தான், வள்ளம் ஓட்டையா இருக்கவும் ரெண்டு தடவ திட்டுல எறங்குறோம்."

"அந்த ஓட்டைதான் உன்னைக் காப்பாத்தியிருக்கு."

இருந்தாலும் நடுக்கடலில் மூழ்கினால் ஏழு உயிர். ஞாயிற்றுக்கிழமை சவேரியார் பூசைக்குப் போயிருந்த நேரம், வள்ளம் கட்டும் ஓடாவி பூமிநாதனைக் கூட்டி வந்து காட்டினாள்.

பலகை பலகையாகத் தடவிப் பார்த்தார் அவர்.

"இதுல ஓட்டையே இல்லையே தாயி! பாசிச் சாக்குல வடிஞ்ச தண்ணிய எவன் ஓட்டைன்னான்?"

கிறிஸ்டினா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். அந்த மனுசனை என்னவெல்லாம் பேசிவிட்டோம் என்று அழுகை வந்தது.

திங்கட்கிழமை காலை பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஓடாவி வந்து பாத்தாராமே? ஓட்டைய அடைச்சிரலாமாமா?"

கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்த சவேரியாரின் கை நின்றது.

"அடைக்கவே முடியாதாம்" என்றாள் கிறிஸ்டினா, முதல் ஆளாக வள்ளத்தில் ஏறியபடி. "இனிமே தினம் மூணு தடவ திட்டுல ஒதுக்கணுமாம்."